கறள் தின்ற மொறிஸ் மைனர்: கழற்ற முன் பார்க்க வேண்டியவை, கழற்றும்போது மறிப்பவை

வன்னியில் பழைய கார் இடத்துக்கு இடம் வேறு விதமாகக் கெடும். முல்லைத்தீவு, மாத்தளன், வட்டுவாகல் பக்கம் நின்ற காரை உப்புக்காற்று மேலிருந்து தின்னும்: கூரை ஓரம், கண்ணாடி றப்பரின் விளிம்பு, பொனற் மடிப்பு. மாங்குளம், ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் கிறவல் ஒழுங்கைகளில் ஓடியது கீழிருந்து போகும். சில்லு எறிந்த கிறவலும் சேறும் தகட்டு மடிப்புகளுக்குள் இறுகி, மாரியில் ஊறி, கோடையிலும் ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். மூன்றாவது வகையும் இருக்கிறது: 2004 டிசெம்பர் 26 கடலுக்குள் அகப்பட்டது, அல்லது இடப்பெயர்வில் பற்றைக்குள் விட்டுப்போனது. இது இரண்டு பக்கமும் போயிருக்கும்.

இங்கே சொல்வது மொறிஸ் மைனருக்கு. 1948 முதல் 1971 வரை வந்த கார். நடுவில் கம்பி வைத்த இரட்டை முன்கண்ணாடி என்றால் 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் 948 அல்லது 1098 சிசி எஞ்சின் போட்ட பிந்தியது. இதற்குத் தனிச் சேஸி இல்லை. தளம், கதவுக்குக் கீழ் ஓடும் சில், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றில் உடம்பு உக்கினாலும் கீழே சேஸி நிற்கும். மைனரில் உடம்பு உக்கினால் சேஸியே உக்கியது போலத்தான்.

"தம்பி, கழட்டிப் போட்டால் எல்லாம் தெரியும்தானே?" என்று காருக்குச் சொந்தக்காரர் கேட்பார். "ஐயா, கழட்டினால் உக்கினது தெரியும். கார் எப்பிடி நிண்டது எண்டது தெரியாமப் போயிடும்" என்பதுதான் பதில். கதவு தொங்கும் விதம், மட்காட் இடைவெளி, கார் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது என்பவை கார் முழுதாக நிற்கும்போது மட்டும் கிடைக்கும் தகவல்கள். அதனால் ஸ்பனர் எடுக்க முன் கீழே உள்ள அறிகுறிகளைப் பாருங்கள்.

பற்றைக்குள் இருந்து, அல்லது மண்ணுக்குள் இருந்து எடுத்த கார்

இது முதலில். கதவுக்குள், ஆசனத்துக்குக் கீழ், டிக்கிக்குள் கையை விடாதீர்கள். கம்பியில் கட்டிய சின்னக் கண்ணாடியும் ரோர்ச்சும் போதும். மண்ணுக்குள் பாதி புதைந்து நிற்கும் காரை இழுத்து எடுக்கவே வேண்டாம். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். உருளை, செட்டை, பச்சைப் பெயின்ற், வயர் வரும் பொருள் என்று எதைக் கண்டாலும் வந்த தடத்திலேயே திரும்பிப்போய் பொலிசுக்குச் சொல்லுங்கள். "இத்தனை வருசம் வெடிக்காதது இனி வெடிக்குமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெடிக்கும்.

தகட்டில் உள்ள சிறு துளைகளைக் கறள் என்று நினைத்துவிட வேண்டாம். கறள் துளையின் ஓரம் கடதாசி போல மெலிந்து நொறுங்கும். சன்னமோ செல் துண்டோ போன துளையின் ஓரம் ஒரு பக்கம் உள்நோக்கி மடிந்திருக்கும். தகட்டின் தடிப்பு குறைந்திருக்காது. இப்படித் துளைத்த கதவை வெட்டியெறியத் தேவையில்லை. தட்டி நேராக்கி வெல்டிங்கால் ஒட்டிவிடலாம். ஆனால் அந்தத் துண்டு கதவடிச் சில்லுக்குள் கிடக்கக்கூடும். காரை ஆட்டினால் உள்ளே உருளும் சத்தம் கேட்டால், கிறைண்டரை அந்த இடத்தில் வைக்க முன் உள்ளே கிடப்பது என்ன என்று பார்த்துவிடுங்கள்.

பாம்பு, குளவி, மட்டத்தேள் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆசனப் பஞ்சுக்குள் எலி இருந்தால் புடையன் தூரத்தில் இராது.

முழுக்கச் சிவப்பாக இருக்கிறது, எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியவில்லை

கிறவல் தூசியும் கறளும் ஒரே நிறம். முதலில் தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பிறகு பாருங்கள். பயந்ததில் பாதி கழுவும்போதே போய்விடும். மறுபக்கமாகவும் நடக்கும்: நல்ல பெயின்ற்றுக்குள் ஒன்றுமே இராது.

மூன்று கருவி போதும். துணியில் சுற்றிய காந்தம்: பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது நல்லது. இழுக்காத இடத்தில் தகடு இல்லை, துளை அடைக்கும் கற்றலோய் பேஸ்ற்தான். சின்னச் சுத்தியல்: நல்ல தகடு கணீரென்னும், உக்கியது தொம்மென்னும். மூன்றாவது குத்தூசி. கையால் அழுத்தி உள்ளே போனால் அந்த இடம் போய்விட்டது. ஊசி நின்றாலும் சுற்றியுள்ள இரண்டு அங்குலத்தைக் குத்திப் பாருங்கள். பெயின்ற்றில் கொப்புளம் சின்னதாக இருந்தால் நோய் சின்னது என்று அர்த்தமில்லை. உள்ளிருந்து வெளியே வந்த கறளின் கடைசி முனையைத்தான் அங்கே பார்க்கிறீர்கள்.

பாளம் பாளமாக உரியும் தடித்த கறளைக் கண்டு "இன்னும் தடிப்பாய்த்தானே இருக்கு" என்று நம்பாதீர்கள். இரும்பு கறளாகும்போது பல மடங்கு இடம் பிடிக்கும். மூன்று மில்லிமீற்றர் பாளத்துக்குப் பின்னால் தகடு கடதாசி அளவில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

குத்த வேண்டிய இடங்கள், முக்கியத்தின்படி: முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் குறொஸ் மெம்பர், எஞ்சினுக்கு இரு பக்கமும் உடம்போடு ஒட்டிப் போகும் சேஸித் தண்டுகள், கதவடிச் சில்லும் அதன் உட்தகடும், முன்தூணின் அடி, பின் இலைவில் (ஸ்பிறிங்) தொங்கும் இடம், டிக்கித் தளம். மட்காட்டும் கதவின் அடியும் பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் மட்காட் போல்ற்றில் பூட்டியது, கழற்றி வேறு போடலாம். காரைத் தீர்மானிப்பவை முதலில் சொன்னவைதான்.

கதவைத் திறந்தால் தொங்குகிறது, தூக்கினால்தான் பூட்டுகிறது

இந்த ஒரு அறிகுறியில் காரின் பாதிக் கதை இருக்கிறது. கதவை அரைவாசி திறந்து, பின்நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்கிக்கொண்டு, இன்னொருவரைப் பிணைச்சலைப் பார்க்கச் சொல்லுங்கள். பிணைச்சலின் முள் ஆடினால் பிணைச்சல் தேய்ந்திருக்கிறது, பெரிய செலவில்லை. பிணைச்சலோடு சேர்ந்து தூணின் தகடே அசைந்தால் முன்தூண் போய்விட்டது. இரண்டு கதவு மைனரில் கதவு நீளம், பாரமும் கூட. அதனால் தூண் இன்னும் விரைவாகக் கெடும்.

கதவைப் பூட்டிவிட்டு இடைவெளிகளை அளந்து பாருங்கள். மேற்பக்க இடைவெளி ஒடுங்கி, கீழ்ப்பக்கம் அகன்றிருந்தால் காரின் உடம்பு நடுவில் தொய்ந்திருக்கிறது. கதவடிச் சில்லும் தளமும் பாரத்தைத் தாங்கவில்லை, கூரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். இந்த நிலையில் கதவையும் ஆசனத்தையும் கழற்றி, கதவடிச் சில்லை வெட்டி எடுத்தால் கார் அந்த வளைவிலேயே ஒட்டப்பட்டுவிடும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது, எந்த ரிங்கர் பாஸும் (தகட்டு வேலைக்காரர்) பொருத்த மாட்டார்.

செய்ய வேண்டியது: காரை நான்கு சில்லில் சம தரையில் நிறுத்தி, பின் அச்சுக்குக் கீழும் முன்சில்லுகளைத் தாங்கும் கீழ்க்கைகளுக்குக் கீழும் மரக்குற்றி வையுங்கள். பாலைக் குற்றியோ முதிரைக் குற்றியோ நல்லது. சீமெந்துக் கல் வேண்டாம், அது சொல்லாமல் வெடிக்கும். தொய்ந்த நடுவைச் சின்ன ஜக்கால், அகலமான பலகை வைத்து, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாகும்வரை மிக மெதுவாக உயர்த்துங்கள். அந்த நிலையில் ஒரு அங்குலப் பெட்டி இரும்பை முன்தூணில் இருந்து பின்தூணுக்கு, இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். இடது தூணில் இருந்து வலது தூணுக்கும் ஒன்று. கதவு பூட்டித் திறக்க இடம் விட்டு உட்பக்கமாக ஒட்டினால், வேலை முடியும்வரை கதவை வைத்தே சரிபார்க்கலாம்.

அதோடு குறுக்களவு எடுங்கள். மேசனிடம் உள்ள தூக்குக்குண்டைக் காரின் கீழ் நான்கு நிலையான புள்ளிகளில் தொங்கவிட்டு, தரையில் குறியிட்டு, மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் கார் எங்கோ அடிபட்டிருக்கிறது. கறளுக்கு முன் அதைப் பாருங்கள். கதவடிச் சில்லை வெட்டும்போது ஒரு பக்கம் முடித்து ஒட்டிய பிறகே மறு பக்கம்.

மைனரின் ட்றவலர் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கத்தில் தெரியும் மரச்சட்டம் அழகுக்கு இல்லை, அதுவே உடம்பு. உக்கியிருந்தால் தச்சரிடம்தான் போக வேண்டும். அசல் மரம் ஆஷ். அந்த இடத்துக்கு முதிரை போட்டால் உறுதி, ஆனால் பாரம் ஏறும்.

ஜக் வைத்தால் தகடு உள்ளே போகிறது, கார் உயரவில்லை

ஜக் பூட்டும் குழாய் குறொஸ் மெம்பரின் நுனியில் இருக்கிறது. அது உள்ளே போனால் குறொஸ் மெம்பரின் நுனி இல்லை. உடனே இறக்குங்கள், அடியில் தலையை விடாதீர்கள்.

இந்தக் குறொஸ் மெம்பரில்தான் முன் ரோர்ஷன் பார்களின் பின்நுனி பூட்டியிருக்கிறது. காரின் முன்பாரம் முழுவதையும் முறுக்கில் தாங்கும் இரும்புத் தண்டு அது. அது பூட்டிய இடம் உக்கியிருந்தால், முறுக்கு எந்த நேரமும் விடுபடலாம். கார் அங்கே ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பதைக் கண்டால், ரோர்ஷன் பாரை முதலில் தளர்த்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. கீழ்க்கைக்குக் கீழே ஜக் வைத்துப் பிடித்துக்கொண்டு, அதிர்வுதாங்கியின் கையைக் கழற்றி, ஜக்கை மெல்ல இறக்கினால் முறுக்கு தானாக அவிழும். எடுத்ததும் இடது வலது என்று குறியிடுங்கள். பழகிய முறுக்குக்கு எதிராக மாற்றிப் போட்ட பார் நாளடைவில் உடையும். கம்பியால் கீறியும் விடாதீர்கள். ஒரு கீறலில் இருந்துதான் வெடிப்புத் தொடங்கும்.

முன்சில்லு ஆடுகிறது

சில்லை உயர்த்தி, ரயருக்குக் கீழே அலவாங்கு போட்டுத் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் கீழ் ட்ரனியனின் (சில்லு திரும்பும் மூட்டின்) புரி தேய்ந்திருக்கிறது. கிறீஸ் போடாமல் ஓடிய மைனரில் இந்தப் புரி கழன்று, ஓட்டத்திலேயே சில்லு மடிந்து விழும். எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பார்த்துக் காலம் கழிக்க வேண்டாம்.

நட் சுற்றவில்லை, அல்லது ஸ்பனர் வழுக்கி மூலை மழுங்குகிறது

கழற்றும் வேலையில் பெரும்பங்கு இதுதான். முதலில் அளவு. மைனர் அங்குலக் கார். கராச்சில் கிடக்கும் மில்லிமீற்றர் ஸ்பனரால் தொடங்கினால் அரை நாளில் எல்லா மூலையையும் மழுக்கிவிடலாம். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 போட்டால் கறள் பிடித்த நட்டில் வழுக்கும். 7/16 என்பது 11.1, 11 போகாது, 12 தளரும். 9/16 என்பது 14.3, அதற்கும் பொருத்தமானது இல்லை. முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 கிட்டத்தட்ட அச்சொட்டாகப் பொருந்தும். 5/8க்கு 16 சமாளிக்கும். அங்குலச் சொக்கற் ஒரு செற், ஆறு மூலை உள்ளது, கடன் வாங்கியாவது எடுங்கள். பன்னிரண்டு மூலைச் சொக்கற் உக்கிய நட்டுக்கு எதிரி.

பிறகு பொறுமை. கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் புரியைச் சுத்தமாக்கி, எண்ணெய் ஊற்றுங்கள். ஓட்டோ கியர்பொக்ஸுக்கு ஊற்றும் ஏ.ரி.எப். எண்ணெயும் அசற்றோனும் சரிபாதி கலந்தால் கடையில் விற்கும் பல தெளிப்புகளுக்குக் குறையாது. அசற்றோன் கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயும் எண்ணெயும். காலை மாலை ஊற்றி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். நட்டைக் கழற்ற முன் ஒரு இம்மி இறுக்குங்கள். கறளின் பிடி அந்த நேரம்தான் உடையும். அசைந்ததும் முழுக்கச் சுற்றாமல், கால் சுற்றுக் கழற்றி அரைக்கால் சுற்று இறுக்கி, திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

அப்பவும் அசையாவிட்டால் காஸ் சுவாலை. போல்ற்றை இல்லை, நட்டை மட்டும் மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்குங்கள். சூடு ஆறும்போது மெழுகுதிரியைப் புரியில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடும். பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட, பிறேக் குழாய்க்குக் கிட்ட, பிறேக் கழுவும் தெளிப்பு அடித்த இடத்தில் சுவாலை வைக்க வேண்டாம்: குளோரின் கலந்த தெளிப்பு நெருப்பில் பொசுஜீன் என்ற நச்சுவாயுவாகும்.

மட்காட் போல்ற்றுகளில் நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றைக் கிறைண்டரால் வெட்டுங்கள். எண்ணெயும் பொறுமையும் புதியது கிடைக்காத போல்ற்றுக்கும், தகட்டுக்குள் புரி உள்ள இடத்துக்கும் வையுங்கள்.

பிறேக் டிரம் வரவில்லை

அடிக்க முன், சரிசெய்யும் திருகைத் தளர்த்தி, உள்ளே பிறேக் செருப்பு (ஷூ) பின்வாங்குகிறதா பாருங்கள். டிரம்மைப் பிடிக்கும் திருகுகளுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் ட்றைவர் வேண்டும். டிரம் வந்ததும் உள்ளே உள்ள தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய செருப்பில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். தண்ணீர் தெளித்துத் துணியால் துடையுங்கள்.

மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் கால்தளத்துக்குக் கீழே, சேஸித் தண்டுக்குள் இருக்கிறது. அதன் போல்ற்றுகளை ரோர்ஷன் பார் மறித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் அதைத் தொடாமல் விட்ட கார்களே அதிகம், பிறேக் பிடிக்காத மைனர்களும் அதிகம். ரோர்ஷன் பார் கழன்றிருக்கும் இந்தச் சந்தர்ப்பத்தில் அதையும் கழற்றிவிடுங்கள்.

எஞ்சின் சுற்றவில்லை

கட்டி இழுத்துக் கியரில் போட்டுப் பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பிஸ்டன் வளையம் உடைந்து சிலிண்டரைக் கீறுவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஏ.ரி.எப். ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். பிறகு கையால், முன்னும் பின்னும் சிறிதாக அசையுங்கள். றொக்கர் மூடியைக் கழற்றி, றொக்கர் அழுத்தாத வால்வு எல்லாம் மேலே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்தபடி இறுகிய வால்வில் பிஸ்டன் வந்து இடித்தால் வளையும்.

1990க்குப் பிறகு எரிபொருள் தடைக்காலத்தில் இங்கே ஓடிய கார் என்றால் அது மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும். பெற்றோல் சொட்டில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து சம்பில் (அடி எண்ணெய்த் தொட்டியில்) இறங்கி, எண்ணெயைத் தண்ணியாக்கும். எண்ணெய்க் கோலை இழுத்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் வந்தாலோ, எண்ணெய் அளவுக்கு மேல் நின்றாலோ, எஞ்சின் நன்றாகச் சுற்றினாலும் சம்பைக் கழற்றி பெயரிங் பாருங்கள்.

உள்ளே இருப்பது மொறிஸ் எஞ்சின்தானா என்பதும் ஒரு கேள்வி. டட்சன் எஞ்சினோ சிறிய டீசல் எஞ்சினோ பூட்டியிருந்தால், அதற்காகச் சேஸித் தண்டில் எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்று தேடுங்கள். அந்த ஒட்டுகளைச் சுற்றித்தான் கறள் முதலில் ஏறியிருக்கும்.

வயரும் தாங்கியும்

பற்றரியைத் தொட முன்: மைனரில் பொசிற்றிவ் பக்கம்தான் உடம்பில் பூட்டியிருக்கும், இன்றைய காருக்கு நேர்மாறு. முதலில் அதைக் கழற்றுங்கள். துணி சுற்றிய வயர் தொட்டால் உதிரும். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி, இணைப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோல் தாங்கி டிக்கித் தளத்துக்குக் கீழே. காலித் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, ஆவிதான் வெடிப்பது. வெல்டிங் தொடங்க முன் அதை வளவின் மறு மூலைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கழற்றிய சாமான் கலந்துபோகிறது, சுத்தமாக்கியது திரும்பவும் சிவக்கிறது

போல்ற்றுகளை ஐஸ்கிறீம் டப்பாக்களில் இடம் இடமாகப் போடுங்கள். மார்க்கர் எழுத்து மண்ணெண்ணெயில் அழியும். தகரத் துண்டில் ஆணியால் கீறி உள்ளே போட்டால் நிற்கும். உக்கிய தகட்டை எறியாதீர்கள், புதிய தகடு வெட்ட அதுதான் அச்சு.

சின்ன இரும்புச் சாமானுக்குக் கரைத்த புளியோ தென்னங்கள்ளு வினாகிரியோ போதும். பெரியதற்குச் சலவைச் சோடாத் தண்ணீரும் பற்றரிச் சாஜரும்: சாமான் நெகற்றிவில், பழைய இரும்புத் தகடு பொசிற்றிவில். எவர்சில்வர் போட வேண்டாம், நச்சு குறோமியம் வரும். இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், ஐதரசன் கிளம்பும். இலைவில், ரோர்ஷன் பார் போன்ற உருக்குச் சாமானைப் புளிப்பில் ஊறவைக்க வேண்டாம். உள்ளே ஐதரசன் ஏறி முறியும்.

வெறும் தகடாக்கும் வேலையைச் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் முடியுங்கள். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால், காலையில் உரோஞ்சிய தகடு மறுநாள் காலைக்குள் சிவந்துவிடும். அந்தந்த நாள் உரோஞ்சியதற்கு அந்தந்த நாளே பிறைமர்.

எல்லாமே போயிருக்கிறது

குறொஸ் மெம்பர், இரண்டு சேஸித் தண்டு, இரண்டு முன்தூண் எல்லாம் ஊசிக்கு விழுந்தால் அது திருத்தும் கார் இல்லை, பாட்ஸுக்கு உடைக்கும் கார். இவற்றில் இரண்டு போனால் நான் திருத்துவேன். மூன்று என்றால் வீட்டுக்காரர் காரில் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறார் என்று கேட்பேன். மைனர் தகடுகள் இலங்கையின் தெற்கில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டவை. அங்கே விசாரித்தால் தகட்டுக்கு வழி பிறக்கும். தகட்டுக் கூலிதான் ஆளைத் தின்னும்.

முடிவு செய்ய முன் புத்தகத்தைப் பாருங்கள். இடப்பெயர்வில் பலரின் பதிவுப் புத்தகம் போய்விட்டது. எஞ்சின் பகுதியின் பின்சுவரில் பூட்டிய சேஸி நம்பர்த் தகட்டையும், எஞ்சினில் உள்ள நம்பரையும் துடைத்துப் படம் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அது யார் பெயரில் கிடக்கிறது என்று விசாரித்த பிறகே கிறைண்டரைத் தொடுங்கள். அந்தத் தகட்டைக் கழற்றி வேறு காரில் பூட்டச் சொல்லி யாராவது காசு தருவார்கள். மறுத்துவிடுங்கள், அது குற்றம்.

உடைப்பது என்று முடிவானால் முதலில் எடுக்க வேண்டியவை: ரோர்ஷன் பார்கள், ஸ்ரியறிங் றாக், டிபரன்சல், கதவுக் கண்ணாடிகள், பிணைச்சல்கள், எஸ்யூ காபரேற்றர், மீற்றர் பெட்டி. பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து நிற்க முன் இவை கொட்டிலுக்குள் போய்விட வேண்டும்.